நேற்றைய தகவலோடு மலையேற வேண்டாம்

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையில், கொடைக்கானலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னதாகவே செண்பகனூர் வந்துவிடும். ஊரும் சாலையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் இரண்டு கோடைக்கு முன்னால் வந்துபோன நண்பர் சொன்ன விவரத்தை மட்டும் நம்பி இன்று காரை எடுக்கிறவர், வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் குடும்பத்தோடு ஓரம்கட்டி நிற்க நேரலாம். அங்கே நின்றபடி கைபேசியில் சிக்னல் தேடுகிறவர்களைச் சீசனில் நிறையவே பார்க்கலாம். இந்த மலைக்குப் புறப்படும் முன் எதை, யாரிடம், எப்போது விசாரிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் ஆயுள் உண்டு. மலையின் உயரம், தொலைவு, மழைக்காலம் இவற்றைப் பழைய புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கொடைரோடு ரயில் நிலையத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர், பழனியிலிருந்து சுமார் 65, மதுரையிலிருந்து சுமார் 120. இவை உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பெரிதாக மாறப்போவதில்லை. பேருந்துத் தடமும் தங்கும் விடுதியும் சில ஆண்டுகளில் மாறும். வாகன அனுமதி, மலர்க் கண்காட்சித் தேதி, போக்குவரத்து மாற்றம் எல்லாம் ஒரு சீசனுக்குத்தான். பேரிஜம் ஏரிக்குப் போகலாமா, அடுக்கம் சாலை திறந்திருக்கிறதா, கும்பக்கரை அருவியில் குளிக்க விடுகிறார்களா என்பவற்றுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் ஆயுள். ஆயுள் குறையக் குறைய, கேட்கவேண்டிய ஆள் அந்த இடத்துக்கு நெருக்கமானவராக இருக்க வேண்டும். தொலைவைச் சென்னையில் இருக்கும் மாமாவிடம் கேட்கலாம். அடுக்கம் சாலையைப் பற்றிப் பெருமாள்மலையில் டீக்கடை வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கடிதம் எழுதிக் கேட்ட காலம்

இந்த மலைக்கு விசாரிக்காமல் வருவது புதிய பழக்கம். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே வண்டி போக வழியே கிடையாது. ரயில் வந்தபிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவு முழுக்க மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரமான கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏற வேண்டும். பெட்டி படுக்கையெல்லாம் கூலியாட்களின் தலையில் ஏறி வந்தன. 1895இல் இயேசு சபையினர் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவியபோதும் மோட்டார் சாலை இல்லை. லா துரையின் பெயரால் வழங்கும் இன்றைய மலைச்சாலை வண்டிகளுக்குத் திறந்தது 1910களில்தான்.

அந்தக் காலத்துப் பயணி புறப்படும் முன்பே கடிதம் எழுதியாக வேண்டும். வண்டி கிடைக்குமா, டோலி தூக்க எத்தனை பேர் வருவார்கள், மேலே தங்க அறை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு, பதில் வந்தபிறகே பெட்டியைக் கட்டுவார். கேட்காமல் வந்தால் தோப்பிலேயே கிடக்க வேண்டியதுதான். இன்று வண்டி வீட்டுவாசலில் நிற்பதால் யாரையும் கேட்காமலே கிளம்பிவிட முடிகிறது. மலையோ அன்றுபோலவே, ஒரு நல்ல மழைக்கு ஒரு வழியை அடைத்துக்கொள்கிற மலைதான். விசாரிக்கும் வழக்கத்தை நாம்தான் கைவிட்டுவிட்டோம்.

இ-பாஸ்: ஒரு சீசன் ஆயுள்

இன்றைய பயணிகளை அதிகமாகத் தடுமாற வைப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. மே 7இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். அந்த முதல் ஆண்டில் பதிவு செய்த எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது, ஏனென்றால் எத்தனை வண்டி வருகிறது என்று கணக்கெடுப்பதே அப்போதைய நோக்கம். 2025 மார்ச்சில் நீதிமன்றம் அடுத்த கட்டத்துக்குப் போனது. அந்தக் கோடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வந்தது. 2024 கோடையில் வந்துவிட்டு, ‘இ-பாஸ் சும்மா பேருக்குத்தான், உடனே கிடைத்துவிடும்’ என்று ஊரில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அந்த ஆண்டின் உண்மை. அதை நம்பி 2025 மே மாதத்துச் சனிக்கிழமைக் காலையில் பதிவு செய்ய உட்கார்ந்தவருக்குத்தான் சிக்கல்.

பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. அரசுப் பேருந்தில் வருகிறவருக்குத் தேவையில்லை. உள்ளூர் வண்டிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. பதிவு இலவசம், அரசின் இ-பாஸ் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். இந்தியாவில் இருப்பவர்கள் கைபேசி எண்ணைக் கொண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சலைக் கொண்டும் உள்ளே நுழையலாம். ‘பாஸ் எடுத்துத் தருகிறேன், இருநூறு கொடுங்கள்’ என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு முடிந்ததும் வரும் கியூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் எங்கே சிக்னல் போகும் என்று சொல்ல முடியாது.

செண்பகனூருக்கு மட்டும் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நாங்கள் ஏரிப்பக்கமே போகவில்லை, அருங்காட்சியகம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், எங்களுக்கு எதற்குப் பாஸ்?’ என்று பலர் நினைக்கிறார்கள். கீழிருந்து வரும்போது வெள்ளி நீர்வீழ்ச்சி முதலில் வரும், செண்பகனூர் அதற்குப் பிறகுதான். ஆகவே சோதனையைத் தாண்டாமல் செண்பகனூரைத் தொட முடியாது.

இந்த நிலை நம் மலைக்கு மட்டும் வந்ததல்ல. வெனிஸ் நகரம் ஒருநாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது 2024 ஏப்ரல் 25இல், கொடைக்கானலில் இ-பாஸ் தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு. முதல் ஆண்டில் குறிப்பிட்ட 29 நாட்களுக்கு மட்டும் 5 யூரோ. மறு ஆண்டில் நாட்கள் 54 ஆயின, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவருக்குக் கட்டணம் 10 யூரோ ஆனது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, மணி வாரியாக அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. ஓர் இடம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மனிதர்கள் வந்தால் விதி பிறக்கிறது. முதல் ஆண்டில் பிறந்த விதி அடுத்த ஆண்டில் அப்படியே இருப்பதில்லை, திருத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரு வித்தியாசமும் உண்டு. வெனிஸில் இரவு தங்குகிறவர் அந்தக் கட்டணம் கட்ட வேண்டாம். கொடைக்கானலில் பாஸுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் வரம்பு இருக்கும் சீசனில், விடுதியில் அறை போட்டிருந்தாலும் உங்கள் வண்டியும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் முதலில் பாஸ், பிறகு அறை முன்பணம் என்ற வரிசையில் செய்யுங்கள். தலைகீழாகச் செய்து முன்பணத்தை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யார் கையில் எது

‘கொடைக்கானல் திறந்திருக்கிறதா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே அலுவலகம் எங்கும் கிடையாது. ஏரிக்கரையும் வண்டி நுழைவுக் கட்டணமும் நகராட்சியைச் சேர்ந்தவை. பிரையண்ட் பூங்கா, செட்டியார் பூங்கா, ரோஜாத் தோட்டம் மூன்றும் தோட்டக்கலைத் துறையுடையவை. தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் முனை, பேரிஜம் எல்லாம் வனத்துறை வசம். சூரிய ஆய்வகம் 1899இலிருந்து இயங்கும் மத்திய அரசு நிறுவனம், பார்வையாளர் நேரத்தை அவர்களே முடிவு செய்வார்கள். செண்பகனூர் அருங்காட்சியகம் இயேசு சபையினரின் பொறுப்பு. சாலை நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருந்தாலும், அதில் யார் போகலாம் என்று சொல்வது மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும்.

இது தெரிந்தால் செய்தியைச் சரியாகப் படிக்கலாம். ‘கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை’ என்று காலையில் ஒரு தலைப்பைப் பார்த்துவிட்டுப் பயணத்தையே கைவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே படித்தால் பேரிஜம் பகுதியில் யானைக் கூட்டம் நிற்பதால் வனத்துறை அந்த ஒரு பாதையை மட்டும் மூடியிருக்கும். ஏரி, பூங்கா, செண்பகனூர் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். தடையைப் பற்றிக் கேள்விப்பட்டால் தடை போட்டது யார் என்று முதலில் கேளுங்கள். வனத்துறை என்றால் காட்டிடங்கள் மட்டும். ஆட்சியர் என்றால் சாலையாகவோ வானிலையாகவோ இருக்கும், அப்போது முழுப் பயணத்தையும் மறுபடி யோசியுங்கள்.

நுழைவுக் கட்டணம் எதையும் இந்த அத்தியாயத்தில் அச்சிடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். வனத்துறை இடங்களுக்கான சீட்டு முறை இடத்துக்கு ஒன்று, சேர்த்து ஒன்று என்று மாறியிருக்கிறது, மறுபடியும் மாறும். ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், கைபேசிப் பணமும் தயாராக இருக்கட்டும். ஓரிடத்தில் இது மட்டும், இன்னோரிடத்தில் அது மட்டும் என்று இருப்பதுண்டு.

வரைபடம் காட்டும் சாலைகள்

பழைய வரைபடம் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சாலை போகும். இரண்டாம் உலகப் போரின்போது, கடற்கரை தாக்கப்பட்டால் மலை வழியே தப்பிச் செல்ல உதவும் என்று எண்ணிச் சீர்செய்த பாதை அது. 2,400 மீட்டருக்கும் மேல் உயரத்தில் ஓடியது. 1990 வாக்கில் போக்குவரத்து நின்றுபோனது. இன்று அது காடு. ஆனாலும் ‘கொடைக்கானலிலிருந்து மூணாறு பக்கம்தானே, குறுக்கே போய்விடலாம்’ என்று அந்தக் கோட்டைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். மூணாறு போக வேண்டுமென்றால் மலையிறங்கி, தேனி, போடி வழியாக மறுபடி ஏற வேண்டும். அதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.

இன்னொரு பொறி இதற்கு நேரெதிர், இறந்த சாலை அல்ல, உயிருள்ள சாலை. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் பாதையைக் கைபேசி வரைபடம் தூரம் குறைவு என்று ஆசையாகக் காட்டும். தேனிப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத் தூரம் மிச்சம்தான். ஆனால் குறுகலான சாலை, செங்குத்தான வளைவுகள், மழை பெய்தால் மண் சரியும் இடங்கள். பாறை உருண்டு விழுந்து மூடுவதும், சரிசெய்து திறப்பதும், மறுபடி மூடுவதுமாகவே அதன் வரலாறு இருக்கிறது. கைபேசிக்கு மண்சரிவு தெரிய நேரமாகும். அந்த வழியே வர நினைத்தால் முந்தைய மாலையில் பெரியகுளத்தில் யாரையாவது விசாரியுங்கள். மழைக்காலத்தில் அந்த எண்ணமே வேண்டாம் என்பது என் கருத்து. வத்தலக்குண்டு சாலையில் அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். வழியில் டம்டம் பாறையில் நின்றால் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவியும் எதிரே தெரியும்.

பழனியிலிருந்து வரும் சாலையும் பெருமாள்மலையில்தான் வந்து சேர்கிறது. பழனிச் சாலை அடைபட்டால் வத்தலக்குண்டு சாலை, அது அடைபட்டால் பழனிச் சாலை என்று மாற்று இருப்பது நல்லதுதான். ஆனால் பெருமாள்மலைக்கு மேலே, செண்பகனூர் வழியாக ஊருக்குள் போகும் அந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மாற்று கிடையாது. சீசன் ஞாயிறுகளில் நெரிசல் அங்கேதான் உறையும். செண்பகனூர் மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அதே சாலையில்தான். ‘எப்படியாவது ஏறிவிட்டால் போதும்’ என்று நாம் வரிசையில் வண்டியை நிறுத்தும்போது, நமக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் நிற்கக்கூடும். விதிகளைத் தெரிந்துகொண்டு வருவதை நம் வசதிக்கான வேலையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

கல்யாண வீடு, கல்லூரி என்று குழுவாக வருகிறவர்களுக்கு ஒரு விவரம். 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்கள் கொடைக்கானல் மலைச்சாலையில் ஏற 2024 நவம்பரிலிருந்து திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. கொண்டை ஊசி வளைவில் நீளமான பேருந்து மாட்டினால் இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் சாலை நின்றுபோகும், அதுதான் காரணம். டிராவல்ஸ்காரரிடம் ‘எத்தனை சீட்?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘வண்டி நீளம் எவ்வளவு?’ என்றும் கேளுங்கள்.

ரயிலும் பேருந்தும்

ரயிலில் வருகிறவர்கள் கொடைரோட்டில் இறங்க வேண்டும். பெயரில் கொடைக்கானல் இருந்தாலும் நிலையம் சமவெளியில் இருக்கிறது. மலையேற இன்னும் மூன்று மணி நேரமாகும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் அங்கே நிற்கும். முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறக்கும் என்று மனதில் வைத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். மே மாதப் பயணத்துக்கு மார்ச்சில் விழித்துக்கொண்டால் போதும், ஆனால் திறக்கும் காலையிலேயே விழித்துக்கொள்ள வேண்டும்.

மதுரையில் ஆரப்பாளையம் நிலையத்திலிருந்து பேருந்து கிடைக்கும். திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி, தேனியிலிருந்தும் உண்டு. ஏறும் முன் நடத்துநரிடம், “அண்ணே, செண்பகனூர்ல நிக்குமா?” என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். சில தூரத்துப் பேருந்துகள் நேரே கொடைக்கானல் நிலையத்துக்குப் போய்விடும். அப்படியானால் அங்கிருந்து கீழிறங்கும் பேருந்தில் திரும்பி வரலாம். சுவரில் ஒட்டிய கால அட்டவணையைவிட, நிலையத்தில் நேரம் எழுதும் மேசையில் இருப்பவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

செண்பகனூருக்குள்

அருங்காட்சியகமும் 1895இல் தொடங்கியதுதான். பாடம்செய்த விலங்குகள், பறவைகள், பூச்சிகள், பாம்புகள் என்று பழனி மலையின் உயிர்களை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். ஆங்லேட் அடிகளார் இந்த மலைகளில் தேடி ஆராய்ந்த கற்திட்டைகளின் தடயங்களும் உண்டு. அவரும் நியூட்டன் அடிகளாரும் சேர்ந்து எழுதிய கற்திட்டை ஆய்வைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. 300க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகள் கொண்ட தோட்டமும் பெயர்பெற்றது. கையேடுகளில் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றும், காலையில் சிறிது நேரம், பிற்பகலில் சிறிது நேரம் என்றும் போட்டிருக்கும். சரியான நேரம் என்ன என்பதில் ஒவ்வொரு கையேடும் ஒவ்வொன்று சொல்லும். நடுப்பகலில் மூடுவார்கள் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது பாதுகாப்பு. அது துறவியர் இல்லத்தோடு சேர்ந்த வளாகம் என்பதையும் நினைவில் வையுங்கள். புனித வாரம், கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில் முன்கூட்டிக் கேட்காமல் போகாதீர்கள். ஆர்க்கிட்டுகளை நினைத்து வருகிறவர்கள், அவை இப்போது பூத்திருக்கின்றனவா, தோட்டத்துக்குள் விடுகிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். அருங்காட்சியகம் திறந்திருந்தாலே தோட்டமும் திறந்திருக்கும் என்று நினைக்கக்கூடாது.

செண்பகனூருக்கு ஆய்வாளர்களை அழைத்துவரும் வேறொன்றும் இருக்கிறது. மதுரை மறைமாநில இயேசு சபையின் ஆவணக் காப்பகம் அங்கேதான். பழைய மதுரை மிஷன் கடிதங்கள், குறிப்புகள் பலவற்றைத் தேடி உலகின் பல பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். இது பார்வையாளர் இடமல்ல. என்ன ஆய்வு, எந்தக் காலத்து ஆவணம், யார் அறிமுகம் செய்கிறார்கள் என்றெல்லாம் எழுதி, பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தபிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர் மாறியிருக்கலாம், ஆகவே பழைய நூலின் நன்றியுரையில் கண்ட பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள். கிறிஸ்தவ வரலாறு மட்டுமல்ல, தமிழ்நாட்டுச் சமூக வரலாறே படிக்கிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு வீண்போகாது.

காடும் மழையும்

கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ‘அந்தக் காலத்தில் நாங்கள் நடந்துபோனோம்’ என்று பெரியவர்கள் சொல்லும் பாதைகளில் பல இன்று அதற்குள் வந்துவிட்டன. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையும் பழைய பாதைதான். ஆசையாகத்தான் இருக்கும். வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த இளைஞர்கள் மாண்ட துயரத்துக்குப் பிறகு மாநிலத்தின் மலையேற்ற விதிகள் கடுமையாயின. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, காய்ந்த புல் தீப்பிடிக்கும் பருவத்தில், மலையேற்றப் பாதைகளை வழக்கமாக மூடிவிடுகிறார்கள். ‘எனக்குத் தெரிஞ்ச பையன் கூட்டிட்டுப் போவான்’ என்று யாராவது அழைத்தால், அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

குணா குகையைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1991இல் ‘குணா’ படம் வந்தபின் பெயரே மாறிப்போன இடம் அது. 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் வந்தபிறகு கூட்டம் பல மடங்கானது. படத்தில் பார்த்தது போலக் குழிக்குப் பக்கத்தில் போகலாம் என்று நினைத்து வருகிறார்கள். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தின் மையமான விபத்து 2006இல் உண்மையாகவே நடந்தது என்பதை நினைத்தால் வேலியின் அவசியம் புரியும்.

மழையைப் பொறுத்தவரை இந்த மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவு அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது நாகைப் பக்கம், ஆனால் மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டு மின்சாரம் போனது கொடைக்கானலிலும்தான். ‘புயல் கடற்கரைக்குத்தானே’ என்று எண்ண வேண்டாம். சென்னை வானிலை ஆய்வு மையம் திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மாநில அரசின் டிஎன்-அலர்ட் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். மேலே பெய்யும் மழை கீழே கும்பக்கரையில் வெள்ளமாக வரும். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வனத்துறை குளிக்க விடாததற்கு அதுவே காரணம், காவலரோடு வாதாட வேண்டாம்.

குறிஞ்சிக்காக வருகிறவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்தது, அடுத்தது 2030. இடையில் ‘குறிஞ்சி பூத்திருக்கிறது’ என்று வரும் படங்கள் வேறு இனமாகவோ சிறு திட்டாகவோ இருக்கும்.

பாட்டிலும் அறையும்

5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு. 2024இலிருந்து பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று வாங்கத் தொடங்கினார்கள். தொகையும் விதியும் மாறலாம். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் எந்த மாற்றமும் உங்களைப் பாதிக்காது. ஊருக்குள் தண்ணீர் நிரப்பும் இயந்திரங்கள் இருக்கின்றன, சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தில் ஏமாறுவது வேறு விதம். கொடைக்கானலின் 1993ஆம் ஆண்டு முழுமைத் திட்டத்தை மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்த காலம் ஒன்று இருந்தது. முன்பதிவுத் தளத்தில் அழகான படத்தோடு இருக்கும் வீடு அனுமதி பெற்றதா என்று கேட்பதில் தப்பே இல்லை. உரிம எண் என்ன, வண்டி நிறுத்த இடம் உண்டா, கடைசிச் சில நூறு மீட்டர் சாலை எப்படி, சீசனில் தண்ணீர் லாரியா குழாயா என்று கேளுங்கள். சரியான இடத்தில் இருப்பவர் தயங்காமல் பதில் சொல்வார். கூடாரத்தில் தங்க வைப்பதாகச் சொன்னால் அனுமதியை எழுத்தில் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது

‘திறந்திருக்கிறதா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘திறந்திருக்கும் சார்’ என்றே பதில் வரும். வந்தவரை ஏமாற்ற வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் சொல்வது அது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.

“அண்ணே, இன்னிக்குக் காலையில அடுக்கம் வழியா யாராச்சும் ஏறி வந்தாங்களா?”

“பால் வண்டி வரலியே தம்பி. நேத்து ராத்திரி மழை. நீங்க வத்தலக்குண்டு ரோட்டுலயே போயிருங்க.”

பால் வண்டி, காய்கறி லாரி, முதல் பேருந்து இவை வந்தனவா என்று கேட்பதுதான் மலைச்சாலையின் நிலையை அறியச் சரியான வழி. எந்த இணையதளத்தையும்விட முந்திக்கொண்டு தெரியவரும். விடுதிக்காரரிடம் கேட்கும்போது, அவருக்கு உங்கள் வருகையில் லாபம் இருக்கிறது என்பதை மறக்காமல், இன்னொருவரிடமும் கேளுங்கள். காணொளிகளைப் பார்த்தால் அவை எடுக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். நேற்று பதிவேறிய காணொளிகூட மூன்று ஆண்டுக்கு முன் எடுத்ததாக இருக்கலாம். 

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு ரயில். தேதி முடிவானதும் இ-பாஸ், அதன்பின் அறை. ஒரு வாரம் முன்பு மலர்க் கண்காட்சி, போக்குவரத்து மாற்றம் பற்றி மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு. முந்தைய மாலையில் வானிலை. கிளம்பும் காலையில் வத்தலக்குண்டிலோ பழனியிலோ டீ குடிக்கும்போது சாலை. பேரிஜம் போகிறவர்கள் அன்றைய அனுமதியை வனத்துறையிடம் அன்றே உறுதி செய்ய வேண்டும். மன்னவனூர், பூம்பாறை பக்கம் போகிறவர்கள் கொடைக்கானலிலேயே எரிபொருள் நிரப்பி, வழியைப் படமாக எடுத்துக்கொண்டு போகவும்.

திரும்பும்போது கொடைரோட்டில் இரவு ரயில் என்றால் மாலை 4 மணிக்குள் செண்பகனூரைவிட்டு இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் முன்பாக. கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏறி வந்த அன்றே நடத்துநரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, இறங்கும் நாள் காலையில் இன்னொரு முறை கேளுங்கள்.